மெத்தூசலா வீட்டுச் சம்பந்தம்

சிலமலை முத்துக்கண்ணனுக்கு வயது அறுபத்தாறு. ஊர் அவரை இன்னும் ‘சின்னவர்’ என்றுதான் கூப்பிடுகிறது. வேறு எப்படிக் கூப்பிடும்? பெரியவர்தான் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருக்கிறாரே! பெரியவர் தவசிக்குத் தொண்ணூற்று மூன்று. காலையில் இரண்டு உருண்டை கேப்பைக் களி, சாயங்காலம் மாந்தோப்புவரை ஒரு நடை, ராத்திரி படுத்தால் விடியும்வரை குறட்டை. குரங்கணிக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டமானாலும் சரி, கொல்லையில் இருக்கிற கோழிக்கூடானாலும் சரி, அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே ஒரு ஆணி இறங்காது. யார் வந்து எதைக் கேட்டாலும் முத்துக்கண்ணன் வாயில் வருவது ஒரே பதில்தான்: “ஐயாவக் கேட்டுச் சொல்றேன்.”

“நீங்க சாகுறதா இருந்தாலும் ஒங்கய்யாகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் சாவீக” என்பாள் மனைவி மகாராணி. கட்டிக்கொண்டு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. பேச அவளுக்கு உரிமை உண்டு.

முத்துக்கண்ணன் சிரித்துக்கொள்வார். ஐயா மேல் அவருக்குக் கோபம் கிடையாது. பிரியம்தான். பிரியத்தோடு கொஞ்சம் பயம், பயத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு வருத்தம். ஒரு காரியத்தை, ஒரே ஒரு காரியத்தை, நாமாக முடிவுபண்ணி நம் வாயாலேயே சொல்லிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு முப்பது வயதில் ஓர் ஆசை வந்தது. வந்த ஆசை இன்னும் போன பாடில்லை.

இப்போது மகள் கல்யாணப் பேச்சு வந்திருந்தது. வித்யா ஒற்றைப் பிள்ளை. பன்னிரண்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. போடியில் ஏலக்காய் ஏலம் விடுகிற இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து சாம்பிள் கொடுக்க ஆசீர் என்று ஒரு பையன் வந்தான். அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரம் சாம்பிள் இல்லாமலும் வந்தான். அப்புறம் என்ன, நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

பையன் வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். அந்த விஷயத்துக்கு மகாராணி மூன்று மாதம் அழுது, பிறகு பையனை ஒருதரம் நேரில் பார்த்து, அன்றோடு அழுகையை நிறுத்திவிட்டாள். “ராசா மாதிரி இருக்கான், கும்பிட்டுட்டுப் பேசுறான்” என்று அவளே கட்சி மாறிவிட்டாள். பெரியவருமே அதைப் பெரிதுபடுத்தவில்லை. “எந்தச் சாமியவும் கும்பிட்டுட்டுப் போறான். அவன் யாருக்குப் பொறந்தான், அவனப் பெத்தவன் யாருக்குப் பொறந்தான், அதச் சொல்லட்டும்” என்றார். அங்கேதான் முத்துக்கண்ணன் மாட்டிக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச யார் வந்தாலும் காப்பியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார்கள். யாரும் தொடக் கூடாது. முதலில் இந்த வீட்டு மூத்தவர் தன் வம்சத்தைச் சொல்வார். அப்புறம் வந்த வீட்டு மூத்தவர் சொல்ல வேண்டும். யாருக்கு யார் மகன் என்று தடுமாறாமல் ஏழு பேரையாவது சொன்னால் காப்பியை எடுத்துக் குடிக்கலாம். சொல்ல முடியாவிட்டால் காப்பி உள்ளே போய்விடும், வந்தவர்கள் வெளியே போய்விடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து காரில் வந்த எஞ்சினியர் மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது பேரிலேயே திக்கித் திணறி நாக்கு வறண்டபடி திரும்பிப் போனார்கள். அன்றைக்கு வித்யாவுக்குச் சந்தோஷமோ சந்தோஷம்.

“பாட்டன் பேரே தெரியாதவனுக்குப் பேத்தியக் குடுத்தா, நாளைக்கு என் பேர எவன் சொல்லுவான்?” என்று பெரியவர் கேட்டார்.

ஆசீர் வீட்டில் இரண்டு பேருக்கு மேல் தெரியாது. வித்யாவே சொல்லிவிட்டாள். தாத்தா காலத்தில் கூலிக்கு மலையேறியவர்கள், அதற்கு முன்னால் யார் எவர் என்று சொல்ல ஆள் இல்லை. “ஒரு அஞ்சாறு பேர இட்டுக்கட்டிச் சொல்லச் சொல்லேன் ஆத்தா. ஐயா என்ன, போயா பாக்கப்போறாரு?” என்று முத்துக்கண்ணன் மகளிடம் கெஞ்சிப் பார்த்தார்.

“அவங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்கப்பா” என்றாள் வித்யா. சொல்லிவிட்டு, “நீங்க தாத்தாகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா?” என்று கேட்டாள். முத்துக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தன் மகளுக்காகக்கூட வாய் திறக்க முடியாத மனுஷன் என்ன மனுஷன் என்று தன்னையே திட்டிக்கொண்டு மாந்தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடிமெட்டு இறங்கி ஜீப்பு வந்து நின்றது. ஆசீர் இறங்கினான். அவனுக்குப் பின்னால் அவனுடைய அம்மா ஞானவடிவு இறங்கினாள். வெள்ளைப் புடவை, ஏலக்காய் வாசம், பார்த்த உடனே பக்கத்து வீட்டுக்காரி போலத் தோன்றுகிற முகம். எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை, இரண்டையும் பார்க்கிறவள்.

“வாங்க, வாங்க” என்றார் முத்துக்கண்ணன்.

“வர்றேன் அண்ணே. சொகந்தானா?” என்றாள் அவள், நாற்பது வருஷப் பழக்கம் மாதிரி.

உள்ளே கூடத்தில் தவசி சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையில் புதுத் துண்டு. “கூட யாரும் வரலயா தாயி? ஒங்க வீட்டுல பெரியாளு யாரு?”

“நான்தான் ஐயா பெரியாளு. வீட்டுக்காரர் தவறி ஆறு வருசமாச்சு.”

“அண்ணன் தம்பிக?”

“இருக்காக. ஆனா எங்க வீட்டுல மூத்தது நான்தான், கேட்டோ? பெறகு எதுக்கு அவுகள இழுத்துட்டு வரணும்?”

கேரளாப் பக்கம் இருந்து இருந்து பேச்சில் அந்த ‘கேட்டோ’ ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் புருவத்தை உயர்த்தினார். இந்தக் கூடத்தில் ஒரு பெண்பிள்ளை வம்சம் சொல்ல உட்கார்ந்தது இல்லை. ஆனால் மூத்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அதை அவரே மீற முடியுமா? மகாராணி காப்பித் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆசீர் தெரியாத்தனமாகக் கையை நீட்ட, வித்யா கண்ணை உருட்டினாள். கை பின்வாங்கியது.

தவசி தொண்டையைச் செருமினார்.

“கேட்டுக்கங்க. மாடு பத்தி வந்த தவசி. மாடு பத்தி வந்த தவசி மகன் கெணறு வெட்டுன முத்துக்கண்ணன். கெணறு வெட்டுன முத்துக்கண்ணன் மகன் கோவக்காரத் தவசி. கோவக்காரத் தவசி மகன் வாய்பேசாத முத்துக்கண்ணன்…”

இப்படியே போனது. பேரனுக்குப் பாட்டன் பேர் வைக்கிற குடும்பம். தவசி மகன் முத்துக்கண்ணன், முத்துக்கண்ணன் மகன் தவசி. பதினோராவது ஆளாகத் தன்னைச் சொன்னார். “மலையில ஏலம் போட்ட தவசி. அவன் மகன் இந்த முத்துக்கண்ணன்.” சொல்லி நிறுத்தி, வழக்கம்போல இரண்டு தரம் இருமினார். அடுத்து ஒரு தவசி வர வேண்டிய இடம் அது. வரவில்லை. அந்த இருமலின் அர்த்தம் மகாராணிக்குத் தெரியும், முத்துக்கண்ணனுக்கும் தெரியும். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

ஞானவடிவு பொட்டென்று சிரித்துவிட்டாள். “ஐயா, இது மொத்தமே ரெண்டு பேருதான? மாத்தி மாத்திச் சொல்றீக!”

அறுபது வருஷமாக இந்தப் பட்டியலைக் கேட்ட யாரும் இதைச் சொன்னதில்லை. முத்துக்கண்ணனுக்குச் சிறு வயதிலேயே தோன்றியதுதான். வாயை விட்டு வெளியே வந்ததில்லை.

“பேரு ரெண்டு, ஆளு பன்னெண்டு” என்றார் தவசி விறைப்பாக. “நீ சொல்லு பாப்பம்.”

“வீட்டுக்காரர் பேரு தானியேல். அவுகப்பா யோசேப்பு. யோசேப்பு மாமா சின்னப் பிள்ளையில ஒரு கங்காணி கையப் பிடிச்சுக்கிட்டு மலையேறுனவரு. பெத்தவுக பேரு அவருக்கே தெரியாது ஐயா.”

“ரெண்டு” என்றார் தவசி. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி மருமகளைப் பார்த்தார். மகாராணி மனசே இல்லாமல் காப்பித் தட்டை நோக்கிக் குனிந்தாள். வித்யா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசுங்கப்பா, பேசுங்கப்பா என்று அந்தக் கண்கள் கேட்டன. முத்துக்கண்ணன் துண்டை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“கீழருந்து போனாத்தான் ரெண்டு” என்றாள் ஞானவடிவு. “மேலருந்து வரட்டுமா ஐயா?”

“மேலருந்துன்னா?”

“மொத மனுசன்லருந்து.”

தவசி கையைக் காட்டி மருமகளை நிறுத்தினார். மேலிருந்து வருகிறேன் என்று இதுவரை எவனும் சொன்னதில்லையே! “வா பாப்பம்” என்றார்.

ஞானவடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலவே கையைத் தட்டித் தட்டி ஆரம்பித்தாள். “ஆதாம். இருந்தது தொள்ளாயிரத்து முப்பது வருசம்.”

“என்னது?”

“தொள்ளாயிரத்து முப்பது ஐயா. அவரு மகன் சேத். தொள்ளாயிரத்துப் பன்னெண்டு. அவரு மகன் ஏனோஸ், தொள்ளாயிரத்து அஞ்சு. அவரு மகன் கேனான், தொள்ளாயிரத்துப் பத்து. அவரு மகன் மகலாலெயேல், எண்ணூத்துத் தொண்ணூத்தஞ்சு.”

“இரு, இரு, இரு!” தவசி சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தே விட்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை முத்துக்கண்ணன் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. “எண்ணூறு, தொள்ளாயிரமா? என்ன சாப்பிட்டாக?”

“அது எழுதல ஐயா.”

“கேப்பையாத்தான் இருக்கும். செரி, இம்புட்டு வருசம் அப்பன் உயிரோட இருந்தா, மகனுக்கு நெலத்த எப்பப் பாகம் பிரிச்சுக் குடுத்தாக?”

“பாகம் பிரிச்சதா எங்கயும் இல்ல ஐயா.”

“பாத்தியா!” என்று தவசி நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். “நல்ல குடும்பம். இந்தா, இந்த ஊருல தொண்ணூறு தாண்டுனதும் எழுதி வையி, எழுதி வையின்னு உசுர வாங்குறானுக. அங்க தொள்ளாயிரத்துலயும் ஒருத்தன் மூச்சு விடல!”

மகாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துக்கண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தம் பேச வந்த இடம் என்பதை எல்லோரும் மறந்து, கதை கேட்கிற பிள்ளைகள்போல நெருங்கி உட்கார்ந்தார்கள்.

ஞானவடிவு தொடர்ந்தாள். “அவரு மகன் யாரேத், தொள்ளாயிரத்து அறுவத்திரெண்டு. அவரு மகன் ஏனோக்கு, முந்நூத்து அறுவத்தஞ்சு.”

“அடப் பாவமே!” பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. “முந்நூத்துச் சில்லறையிலயேவா? அற்பாயுசாப் போயிட்டானே. கல்யாணங்காச்சி ஆயிருந்துச்சா?”

“ஆயிருந்துச்சு. அவரு சாகல ஐயா. சாமியே நேர கூட்டிட்டுப் போயிருச்சு.”

“அப்பிடிச் சொல்லு. அப்ப நல்லபடியாத்தான் போயிருக்கான்.”

“அவரு மகன்தான் மெத்தூசலா. தொள்ளாயிரத்து அறுவத்தொம்பது. அதுக்கு மேல எவரும் இருந்ததில்ல.”

தவசி அந்தப் பேரை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மெத்தூசலா. பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப நானெல்லாம் இன்னும் பால்குடி மாறாத பயதான்” என்று சொல்லி ஹோ ஹோவென்று சிரித்தார். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. மகாராணி ஒருமுறை உள்ளே கொண்டுபோய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து மறுபடி நடுவில் வைத்தாள்.

“மெத்தூசலா மகன் லாமேக்கு. எழுநூத்து எழுவத்தேழு.”

“இரு தாயி.” தவசிக்குக் கணக்கு உதைத்தது. “அப்பன் தொள்ளாயிரத்து அறுவத்தொம்பது, மகன் எழுநூத்து எழுவத்தேழா? அப்ப…”

“ஆமா ஐயா. மகன் முன்னாடி போயிட்டாரு. அதுக்குப் பெறகும் அப்பா அஞ்சு வருசம் இருந்தாரு.”

பெரியவரின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. பக்கத்து நாற்காலியில் இருந்த மகனை ஒரு பார்வை பார்த்தார். முத்துக்கண்ணனின் மீசை முழுக்க நரைத்திருந்ததை அப்போதுதான் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

முத்துக்கண்ணன் மனசிலோ லாமேக்கு வந்து உட்கார்ந்துகொண்டான். எழுநூற்று எழுபத்தேழு வருஷம்! அத்தனை வருஷமும் அந்த லாமேக்கு என்ன சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான்? வேறென்ன, அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பான். அவன் ஊரும் அவனைக் கடைசிவரை சின்னவர் என்றுதான் கூப்பிட்டிருக்கும். சின்னவராகவே செத்துப்போனான் மனுஷன்.

“லாமேக்கு மகன் நோவா, தொள்ளாயிரத்து அம்பது. பத்துப் பேராச்சு ஐயா.” ஞானவடிவு கைதட்டலை நிறுத்தினாள். “நோவா காலத்துல பெரிய வெள்ளம் வந்து எல்லாரும் போயிட்டாக. அவரும் அவரு குடும்பமும் மட்டுந்தான் கப்பல்ல தப்பிச்சாக. அவருக்கு மூணு மகன். இன்னைக்கு ஒலகத்துல இருக்குற அம்புட்டுச் சனமும் அந்த மூணு பேரு வழிதான்னு எங்க வேதத்துல இருக்கு.”

“அம்புட்டுச் சனமுமா?”

“அம்புட்டும்.”

“இந்தச் சிலமலையும்?”

“சிலமலையும் ஐயா.”

“மாடு பத்தி வந்த தவசியும்?”

“அவருந்தான்.”

தவசியின் முகம் மலர்ந்தது. தன் பன்னிரண்டுக்கு மேலே இன்னொரு பத்து, அதுவும் தொள்ளாயிரம் தொள்ளாயிரமாக! ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வித்யா ஆசீரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மகாராணி டம்ளரை எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் பெரியவரின் தலை ஆட்டம் நின்றது.

“அப்ப நீங்களும் நாங்களும் ஒரே அப்பன் வழி.”

“ஆமா ஐயா.”

“பங்காளிக.”

யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. முதலில் புரிந்துகொண்டவள் மகாராணிதான். “ஆத்தாடி!” என்று குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

“ரொம்பச் சந்தோசம் தாயி” என்றார் தவசி. அவர் குரலில் உண்மையாகவே பாசம் இருந்தது. “இம்புட்டுப் பெரிய குடும்பத்துல எங்களுக்கும் பங்கு இருக்குன்னு சொல்லிட்ட. மாசிப் பச்சைத் திருவிழாவுல குலசாமிக்குக் கெடா வெட்டுறோம், நீயும் ஒம் மகனும் கட்டாயம் வரணும். பங்காளி வரிசையில எலை போட்டு ஒக்கார வைக்கிறேன். ஆனா பங்காளி வீட்டுல பொண்ணு குடுக்க முடியாது. அவன் இவளுக்கு அண்ணன் முறையில்ல ஆகுறான்!”

“தாத்தா!” வித்யா கத்தியே விட்டாள். “அப்பிடிப் பாத்தா ஒலகத்துல யாரும் யாரையும் கட்ட முடியாது!”

“கட்டாமப் போகட்டும். முறை முறைதான்.”

ஞானவடிவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேர்தான் தெரியும் என்று சொல்லி எழுந்து போயிருந்தாலும் பரவாயில்லை. அதிகமாகச் சொல்லி அண்ணன் தங்கச்சி ஆக்கிவிட்டாளே! ஆசீர் கதவோரம் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “வர்றோம் ஐயா” என்று அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“ஐயா” என்றார் முத்துக்கண்ணன்.

சொன்னபிறகுதான் சொன்னது தான்தான் என்று அவருக்கே தெரிந்தது.

“என்னடா?”

“நான் ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“ஒங்ககிட்ட இல்ல. இவுககிட்ட.”

முத்துக்கண்ணன் ஞானவடிவு பக்கம் திரும்பினார். “நீங்க சொன்ன ஆளுகளுக்கெல்லாம் மகன் மட்டுந்தானா? பொம்பளப் பிள்ளைக கெடையாதா?”

“ஏன் இல்லாம அண்ணே? ஒவ்வொருத்தருக்கும் மகன்களும் மகள்களும் பொறந்தாகன்னுதான் இருக்கு. மகன் பேர எழுதியிருக்கு, மகள் பேர எழுதல. சொல்லிக்குடுக்கும்போதெல்லாம் பொம்பளப் பிள்ளைக இதத்தான் கேக்கும்.”

“வெள்ளத்துக்குப் பெறகும் பொறந்தாகளா?”

“நோவா மகன் சேமுன்னு ஒருத்தர். அவருக்கும் மகள்க பொறந்துச்சு.”

“அது போதும்.” முத்துக்கண்ணன் இப்போது அப்பா பக்கம் திரும்பினார். “ஐயா, அந்தப் பொண்ணுக எங்கயோ வாக்கப்பட்டுப் போயிருக்கும். அதுகளுக்கும் பிள்ளைக பொறந்திருக்கும். அந்த வழியில யாரு பேரும் இன்னைக்கு யாருக்கும் தெரியாது. ஏன்னா எழுதல, சொல்லல. நமக்குப் பன்னெண்டு பேரு தெரியுது, அதனால நாம ஆண் வழி. இவுகளுக்கு ரெண்டுக்கு மேல தெரியல. அப்ப இவுக பொண்ணு வழிதான? அண்ணன் வழிப் பொண்ண, தங்கச்சி வழிப் பையனுக்குக் குடுக்குறது முறையா, இல்லையா?”

தவசி கண் கொட்டாமல் பார்த்தார்.

“இவுக ஜீப்ப விட்டு எறங்குனதும் என்னையக் கூப்பிட்ட மொத வார்த்தையே அண்ணேன்னுதான். தங்கச்சி மகன் நம்ம வீட்டுக்குப் பங்காளியா? மாப்ளே இல்ல?”

“பேரு தெரியாதவுக எல்லாம் பொண்ணு வழின்னு எப்பிடிடா சொல்லுற?”

“வேற எப்பிடிப் பேரு தொலையும்யா? ஒங்க தங்கச்சி கருத்தம்மா அத்தை தேவாரம் ஊருல வாக்கப்பட்டு ஏழு பிள்ளை பெத்துச்சு. நீங்க சொல்ற பன்னெண்டுல அந்த அத்தை எங்க இருக்கு? அது பிள்ளைக எங்க இருக்கு?” நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. முப்பத்தாறு வருஷமாகத் தேங்கியது, மடை திறந்தால் நிற்குமா? “நீங்க ஒவ்வொரு தடவையும் எம் பேரச் சொல்லிட்டு இருமுறீக. அடுத்து ஒரு தவசி இல்லேன்னுதான இருமுறீக? எனக்குத் தெரியும்யா. ஒங்க மருமகளுக்கும் தெரியும். ஆண் வழி எங்கிட்ட முடிஞ்சு போச்சு. இனிமே நமக்கும் பொண்ணு வழிதான்.”

வித்யா பிறந்ததிலிருந்து இருபத்தேழு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. மகாராணி தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் முகம் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தது. முத்துக்கண்ணனுக்கு இப்போதுதான் பயம் பிடித்தது. ஐயாவை எதிர்த்துப் பேசிவிட்டோம், அதுவும் வந்தவர்கள் முன்னால். அடுத்து என்ன வருமோ என்று தலையைக் குனிந்துகொண்டார்.

தவசி தலைத் துண்டை அவிழ்த்தார். முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் பாட்டுக்கு மறுபடியும் ஆரம்பித்தார்.

“மாடு பத்தி வந்த தவசி. மாடு பத்தி வந்த தவசி மகன் கெணறு வெட்டுன முத்துக்கண்ணன்…”

இந்தத் தடவை அவசரமில்லாமல் சொன்னார். ஒவ்வொரு ஆளாக அழைத்து வந்து கூடத்தில் உட்காரவைக்கிறவர்போலச் சொன்னார். கோவக்காரத் தவசி வந்தார், வாய்பேசாத முத்துக்கண்ணன் வந்தார், எல்லோரும் வந்தார்கள். “மலையில ஏலம் போட்ட தவசி. அவன் மகன் முத்துக்கண்ணன்.” நின்றார். எல்லோரும் அந்த இருமலுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

“முத்துக்கண்ணன் மக” என்றார். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாததால் வார்த்தை கொஞ்சம் தடுக்கியது. “முத்துக்கண்ணன் மக, கம்ப்யூட்டர்ல ஏலம் விடுற வித்யா.”

வித்யா ஓடிவந்து தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார். “அழுகாத ஆத்தா. மூக்கெல்லாம் வேட்டியில ஒட்டுது பாரு” என்றார்.

ஞானவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே கேட்டாள்: “அப்ப ஐயாவுக்குச் சம்மதந்தானா?”

“என்னைய ஏன் கேக்குற?” தவசி சிடுசிடுத்தார். “பொண்ணப் பெத்தவன் அந்தா கல்லு மாதிரி ஒக்காந்திருக்கான். அவன்ட்டக் கேளு.”

முத்துக்கண்ணன் நிமிர்ந்தார். ஞானவடிவு அவர் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க அண்ணே.”

அறுபத்தாறு வருஷப் பழக்கம் ஒரு நொடியில் போகுமா? முத்துக்கண்ணன் தன்னையறியாமல் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார். சரி என்கிறதா, வேண்டாம் என்கிறதா, ஒரு புருவ அசைவு, ஓர் உதட்டுச் சுழிப்பு, ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். தவசி கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தார். கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மூடுவதுபோல, முகமெல்லாம் சுருங்கும்படி மூடிக்கொண்டிருந்தார். மகன் படித்துவிடக் கூடாது என்று அந்த முகத்தில் ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

முத்துக்கண்ணன் அந்த மூடிய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். ஆசீரைப் பார்த்தார்.

“குடுக்குறோம் தங்கச்சி” என்றார். “எம் மகள ஒங்க மகனுக்குக் குடுக்குறேன்.”

மகாராணி குலவையிட்டாள். ஆசீர் எங்கே நிற்பது, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லோரையும் கும்பிட்டான். ஞானவடிவு, “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று சொல்லிக்கொண்டே மகாராணியைக் கட்டிக்கொண்டாள்.

“என்ன சொன்னான்?” என்றார் தவசி, கண்ணைத் திறக்காமலே.

“குடுக்குறேன்னு சொல்லிட்டாக மாமா” என்றாள் மகாராணி.

“எனக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லச் சொல்லு.”

தோப்பில் காய் விழுந்தால் எந்த மரத்துக் காய் என்று வீட்டிலிருந்தே சொல்கிற காது அது. முத்துக்கண்ணனுக்கு அது தெரியாதா? அவர் எழுந்து நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தெருக்கோடி பஸ்சு நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“எம் மகளக் குடுக்குறேன்யா!”

தவசியின் மூடிய இமைகளுக்கு நடுவே ஈரம் கசிந்து கன்னத்துச் சுருக்கத்தில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. நாற்காலியில் சுகமாகச் சாய்ந்துகொண்டார்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.